களனி வெள்ளம் வடிந்த பிறகு ஒரு தோட்டத்தை மீட்டெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கொழும்பில் வெள்ளம் வந்தால் முதல் இரண்டு மூன்று நாளைக்கு உதவிக்குப் பஞ்சமே இருக்காது. வெல்லம்பிட்டியில் பிரதான வீதியை ஒட்டிய வீட்டுக்கு நான்கு குழுக்கள் சோற்றுப் பார்சல் கொடுத்துவிட்டுப் போயிருக்கும். உள்ளே நான்காவது ஒழுங்கையில் ஒருவருக்கும் கிடைத்திருக்காது. அப்புறம் தண்ணீர் வடியும். தண்ணீரோடு சேர்ந்து உதவிக்கு வந்தவர்களும் வடிந்துவிடுவார்கள். கணுக்கால் ஆழச் சேறு, ஊறிப்போன கதவு, காணாமல் போன அடையாள அட்டை, பற்றாத அடுப்பு என்று மக்கள் தனியாக நிற்பது அந்த நேரத்தில்தான்.

இந்த வழிகாட்டி அந்த நேரத்துக்கானது. தோட்டம் என்று இங்கே சொல்வது கொழும்பில் வீடுகள் நெருக்கமாக இருக்கும் குடியிருப்பை. கோயில் சபையோ, பள்ளிவாசல் இளைஞர்களோ, தேவாலயக் குழுவோ, பழைய மாணவர் சங்கமோ, ஓர் அலுவலகத்து நண்பர்களோ, பத்துப் பதினைந்து பேர் இருந்தால் போதும். பெரிய நிதி தேவையில்லை. ஒரே இடத்தில் இரண்டு மூன்று மாதம் நிற்கும் பொறுமைதான் தேவை.

1. ஒரு தோட்டத்தை மட்டும் எடுங்கள்

2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் கொலன்னாவ, வெல்லம்பிட்டி, கடுவெல, களனிப் பக்கங்கள் மூழ்கின. இவ்வளவு பெரிய பரப்பைப் பார்த்ததும் எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்று மனம் துடிக்கும். போகாதீர்கள். நாற்பது ஐம்பது வீடுள்ள ஒரு தோட்டம் அல்லது இரண்டு ஒழுங்கைகள், அவ்வளவுதான் ஒரு சிறு குழுவால் ஒழுங்காகச் செய்யக்கூடியது.

எதை எடுப்பது? ஆற்றின் போக்கு தெரிந்தால் இதற்கு விடை எளிது. களனி கங்கை மத்திய மலைநாட்டில் தொடங்கி ஏறக்குறைய 145 கிலோமீட்டர் ஓடி, மட்டக்குளிப் பக்கத்தில் கடலில் சேர்கிறது. கித்துல்கல, தெரணியகல பக்கம் கொட்டிய மழை கொழும்புக்கு வந்து சேர நேரம் எடுக்கும். அதனால்தான் இங்கே வெயில் அடிக்கும்போதே சில வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். கொலன்னாவப் பக்கம் தாழ்ந்த சதுப்பு நிலம் என்பதால் வந்த தண்ணீர் சீக்கிரம் போகாது. மேட்டு ஒழுங்கை காய்ந்து கிடக்கும்; நூறு அடி தள்ளி இடுப்பளவு தண்ணீர் நிற்கும். கடைசியாக வடியும் ஒழுங்கைகளில்தான் உதவியும் கடைசியாகப் போய்ச் சேரும். அவற்றிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

தெரிவு செய்ததும் அந்தப் பிரிவின் கிராம உத்தியோகத்தரைப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் மரண உதவிச் சங்கம், மகளிர் சங்கம், பன்சலை (பௌத்த விகாரை), பள்ளிவாசல் எல்லோரிடமும் பேசுங்கள். யார் எந்த ஒழுங்கை என்று பிரித்துக்கொள்ள அரை மணி நேரப் பேச்சும் ஒரு வட்ஸ்அப் குழுவும் போதும். இதைச் செய்யாமல் நேரே இறங்கும் குழுக்கள் ஒரே வீட்டுக்கு ஒரே பருப்புப் பொதியை மூன்று முறை கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன.

2. பெயர்ப் பட்டியல்

என்னைக் கேட்டால், மண்வெட்டியை விட முக்கியமான கருவி ஒரு கோடு போட்ட சீ.ஆர். கொப்பி. பின்னால் வரப்போகும் அரிசியும் மருந்தும் நட்டஈடும் அந்தப் பட்டியலில்தான் தொங்கி நிற்கின்றன.

இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போங்கள். தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு சோடியிலும் இருக்கட்டும். ஒரு பெண் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டிலக்கம், குடும்பத்தில் எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, சொந்த வீடா வாடகையா, எந்த ஆவணம் தொலைந்தது, என்ன தொழில், தொழில் கருவி எது கெட்டது, இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி, படுக்கையில் இருப்பவர், மாற்றுத்திறனாளி இருந்தால் தனிக் குறி போடுங்கள். “அக்கா, பிரஷர், சுகர் மருந்து ஏதும் தண்ணியோட போச்சா? கிளினிக் கொப்பி இருக்கா?” என்று தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். வீடே போய்விட்டபோது மாத்திரையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவார்கள்.

பட்டியலில் தவறிப்போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வகையினர். மாடி அறையிலும் பின்பக்கத் தகரக் கொட்டிலிலும் வாடகைக்கு இருப்பவர்கள். ஒரு கதவிலக்கத்துக்குள் மூன்று குடும்பமாக இருப்பவர்கள். ஹட்டன், பதுளை, இரத்தினபுரிப் பெருந்தோட்டங்களிலிருந்து கடையிலும் வீட்டு வேலையிலும் கட்டட வேலையிலும் இருக்க வந்தவர்கள். இவர்களுடைய வாக்காளர் பதிவும் கிராம உத்தியோகத்தரும் மலையகத்தில். நனைந்த பாய் மட்டும் வெல்லம்பிட்டியில். இங்கே “உங்கள் பெயர் எங்களிடம் இல்லை” என்பார்கள். அங்கே “உங்கள் வீடு நனையவில்லையே” என்பார்கள். இரண்டும் உண்மை, இடையில் ஒரு குடும்பம் விழுந்துவிடும். இவர்களைத் தேடிப்போய் முதலில் எழுதுங்கள். வீட்டு உரிமையாளரிடமிருந்து “இவர்கள் இன்ன திகதியிலிருந்து என் வீட்டில் குடியிருக்கிறார்கள்” என்று ஒரு கடிதமும், பக்கத்து வீட்டார் இருவரின் கையொப்பமும் அப்போதே வாங்கி வையுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் உரிமையாளர் யோசிப்பார்.

பட்டியலை வட்ஸ்அப்பில் பகிர வேண்டாம். அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் உள்ள தாள் அது. ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

3. வீட்டுக்குள் கால் வைக்கும் முன்

மின்சாரம்தான் முதல் ஆபத்து. பிரதான சுவிட்ச் நிறுத்தப்பட்டது உறுதியாகும் வரை ஈரமான வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது. தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவும் கூடாது. கம்பி அறுந்து கிடந்தால் மின்சார சபைக்கு 1987 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவியுங்கள். பிளக் பொயின்ட் வரை தண்ணீர் ஏறிய வீட்டில், மின்னியலாளர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மின்சாரம் திரும்ப வர வேண்டும். உங்கள் குழு செலவழிக்கும் முதல் பணம் ஒரு நல்ல மின்னியலாளரின் நாட்கூலியாக இருக்கட்டும். பிரிட்ஜ், மோட்டார், ஃபேன் எதையும் “போட்டுப் பார்ப்போம்” என்று போடாதீர்கள்.

சுவரில் புதிய விரிசல், சாய்ந்த தூண், தொங்கும் கூரை இருந்தால் அந்த வீட்டைத் தள்ளி வையுங்கள். கேஸ் சிலிண்டர் மிதந்து உருண்டிருந்தால் வெளியே எடுத்து, சேறு கழுவி, ரெகுலேட்டரையும் குழாயையும் மாற்றிய பிறகே பாவிக்க வேண்டும். அலுமாரிக்கு அடியிலும் துணிக் குவியலிலும் பாம்பு இருக்கலாம். கையை விடும் முன் நீளமான தடியால் தட்டுங்கள்.

அப்புறம், துப்புரவு தொடங்கும் முன் போட்டோ. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டிலக்கம் தெரிய வெளிப்புறம் ஒன்று, ஒவ்வோர் அறையும் ஒன்று, சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஒன்று, கெட்டுப்போன பெரிய பொருட்கள் ஒவ்வொன்றும் ஒன்று. முடிந்தால் தண்ணீர்க் கோட்டுக்குப் பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்து எடுங்கள். கழுவிய வீட்டுக்குச் சேத மதிப்பீடு செய்ய வரும் அதிகாரிக்குக் காட்ட வேறு எதுவும் மிஞ்சாது.

4. சேறு

சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும். காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும், பிறகு இரட்டை வேலை. அதற்காக, தண்ணீர் முழுதாக வடியும் முன் தொடங்கினால் அள்ளிய சேறு திரும்ப உள்ளே வரும். ஒழுங்கையின் கான் (வடிகால்) முதலில் திறந்திருக்க வேண்டும். கான் அடைத்துக் கிடக்கையில் வீட்டைக் கழுவுவது வீண் வேலை. ஆகவே முதல் நாள் காலை முழுவதும் கானுக்கு.

கருவிகளுக்கு ஒரு பட்டியல் போட்டால் மண்வெட்டி, தும்புத்தடி, ரப்பர் தள்ளி, வாளி, தள்ளுவண்டி, கம்பூட்ஸ், தடித்த கையுறை. பிரஷர் வோஷர் ஒன்று வாடகைக்குக் கிடைத்தால் நேரம் மிச்சம். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரில் அடித்தால் பூச்சு கழன்று வரும். ஒரு வீட்டுக்கு நாலைந்து பேர் போதும். இருபது பேர் ஒரே வீட்டுக்குள் நுழைந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், வேலைக்கு இடைஞ்சல்.

மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே. முதலில் சேற்றை வாருங்கள், பிறகு சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள், கடைசியில்தான் கிருமிநீக்கி. சேற்றின் மேலேயே குளோரின் ஊற்றினால் பயன் இல்லை. அழுக்கு அதைத் தின்றுவிடும். வீட்டுப் பாவனைக்கான சாதாரண ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஐம்பது பங்கு என்ற அளவு தரைக்கும் சுவருக்கும் போதும். கழிவறை கழுவும் அமிலத்தோடு ப்ளீச்சை ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எதை எறிவது என்பது வீட்டுக்காரரின் முடிவு. பஞ்சு மெத்தை, தலையணை, நனைந்த அரிசி மாவு பருப்பு, வெள்ளம் தொட்ட மருந்து, இவை போக வேண்டியவைதான். ஆனால் ஓர் அம்மா ஊறிப்போன கல்யாண அல்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் “அதைக் குப்பையில் போடுங்க அம்மா” என்று சொல்லாதீர்கள். நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, படங்களைப் பிரித்து, நிழலில் நைலோன் கயிற்றில் தொங்கவிட்டால் பல படங்கள் தப்பும். ஒட்டிக்கொண்ட பத்திரங்களை இழுக்கக் கூடாது. பொலித்தீனில் சுற்றி யாராவது ஒருவர் வீட்டு பிரீஸரில் வைத்துவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது, ஆறுதலாகப் பிரிக்கலாம்.

குப்பையை ஒழுங்கையின் வாயில் ஒரே இடத்தில் சேருங்கள், கானிலும் வெற்றுக் காணியிலும் வேண்டாம். மீத்தொட்டமுல்ல குப்பை மலை 2017 ஏப்ரலில் சரிந்ததைப் பார்த்த ஊர் இது; குவிந்த குப்பையைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நகர சபை லொறி எந்த நாளில் வரும் என்று முன்பே கேட்டு, அதற்கு முதல்நாள் குவியுங்கள்.

சுவர் உலர வாரக்கணக்கில் ஆகும். உடனே பெயின்ட் அடித்துக் கொடுத்தால் எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் உள்ளே ஈரம் அடைபட்டு மறுமாதம் உரிந்துவிடும். பெயின்ட் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

5. கிணறும் கழிவறையும்

குழாய்த் தண்ணீர் பற்றி நீர்வழங்கல் சபையின் 1939 என்ற இலக்கத்தில் கேளுங்கள். அது சரியாகும் வரை தண்ணீர் பவுசர் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு என்று ஒழுங்கை முழுக்கத் தெரிய வேண்டும். படிக்கட்டு இறங்க முடியாதவர்களுக்குத் தண்ணீர் தூக்க இளைஞர்கள் வேண்டும்.

வெள்ளம் புகுந்த கிணற்றைச் சுற்றியுள்ள நிலம் ஊறியிருக்கும்போது மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைத்தால் உட்சுவர் இடிந்து விழலாம். சுற்றுப்புறத் தண்ணீர் வடிந்த பிறகு இறைத்து, சேறு அள்ளி, குளோரின் தூள் இட வேண்டும். எவ்வளவு தூள் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றின் விட்டத்தையும் ஆழத்தையும் பார்த்துச் சொல்வார். அவர் சரி என்று சொல்லும் வரை அந்தத் தண்ணீர் கழுவுவதற்கு மட்டும். குடிக்கும் தண்ணீர் நன்றாகக் கொதிக்க வேண்டும்.

கழிவறைக் குழி நிரம்பி வழிந்தால் நகர சபையின் கலி பவுசருக்கு (கழிவை உறிஞ்சும் வண்டி) பதிவு செய்யுங்கள். இதற்கும் நிலம் சற்று இறுக வேண்டும். அதுவரை பக்கத்துப் பாடசாலை அல்லது வழிபாட்டிடக் கழிவறையைத் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பெண்களுக்குத் தனியாக, வெளிச்சத்தோடு.

6. காய்ச்சல் வரும் வாரங்கள்

வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சலும் டெங்கும் வருவது வெவ்வேறு வேகத்தில். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் கீறல் வழியாக உடம்புக்குள் போனால் எலிக்காய்ச்சல். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில் தெரியும், ஒரு மாதம் வரையும் ஆகலாம். சேறு அள்ளப் போகும் தொண்டர்களுக்கும் இது பொருந்தும். இறங்கும் முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். டொக்ஸிசைக்ளின் தருவார்கள், கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஆகாது என்பதால் தாங்களாக வாங்கிப் பகிர வேண்டாம். ஆணி குத்தினால் ஏற்பு ஊசி.

டெங்கு நுளம்பு அழுக்கு வெள்ளத்தில் அல்ல, வடிந்த பின் தங்கும் தெளிந்த நீரில் பெருகும்: எறிந்த வாளி, டயர், தயிர்ச் சட்டி, நீங்கள் விநியோகித்த சோற்றுப் பெட்டி. முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் ஒழுங்கை முழுக்கச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் மட்டும். இபுபுரூஃபன், டிக்ளோஃபெனக், அஸ்பிரின் வேண்டாம். டெங்கில் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். சேற்றில் இறங்கியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். வயிற்றோட்டத்துக்கு வீட்டுக்கு இரண்டு ஜீவனி (உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசல் தூள்) பக்கெட்டாவது இருக்கட்டும். அவசர அம்புலன்ஸுக்கு 1990.

தூக்கமில்லாமல், மழை இரைச்சல் கேட்டாலே எழுந்து உட்காருகிறவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருப்பார்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. அதைவிட முக்கியம், வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போகும் ஆள்.

7. பார்சலை நிறுத்துங்கள்

சமூக சமையல் முதல் வாரத்துக்குச் சரி. ஒரு வீட்டில் அடுப்பு பற்றியதும் அந்த வீட்டுக்குப் பார்சலை நிறுத்தி உலர் உணவு கொடுங்கள். ஒரு கேஸ் அடுப்பும் இரண்டு சட்டியும் கொடுத்தால் அது ஒரு மாதப் பார்சலுக்குச் சமம். முடிந்த இடத்தில் பணமாகக் கொடுப்பதையே நான் விரும்புவேன். பணம் கொடுத்தால் குடிப்பார்கள் என்ற பேச்சை எல்லா வெள்ளத்திலும் கேட்கலாம். வீட்டுப் பெண்ணின் கணக்குக்குப் போட்டால் அந்தப் பேச்சுக்கு வேலையில்லை.

பழைய உடுப்பு சேகரிக்காதீர்கள். மலையாகக் குவிந்து, அதைப் பிரிக்கவே ஆள் தேவைப்படும். புதிய உள்ளாடை, சாரம், நைட்டி, நப்கின், பாய், நுளம்பு வலை, பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து, கொப்பி: கேட்கத் தயங்குவதும் யாரும் கொண்டுவராததும் இவைதான்.

8. கடதாசி வேலை

மீட்பில் அதிக நேரம் போவதும் அதிகப் பணம் வருவதும் இங்கே. ஒரு நாளைக் குறித்து, கோயில் மண்டபத்திலோ முன்பள்ளியிலோ மேசை போடுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த நாலு பேர், ஒரு போட்டோகொப்பி இயந்திரம், பேனா. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் கோவை.

தொலைந்த ஆவணத்துக்கு முதலில் பொலிஸ் முறைப்பாடு. அதன் பிரதி இல்லாமல் அடுத்த கதவு திறக்காது. பிறப்பு, திருமணச் சான்றிதழ்ப் பிரதி பிரதேச செயலகத்தில். தேசிய அடையாள அட்டை கிராம உத்தியோகத்தர் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள், அடையாள அட்டைக்கே பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். வெள்ளப் பிரதேசத்தவருக்குக் கட்டண விலக்கு உண்டா என்று கேளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

சேதத்துக்கான உதவி பிரதேச செயலகம் வழியாகத்தான் வரும். 2016இல் தொடங்கிய தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தில் வீட்டுச் சேதத்துக்கு 25 இலட்சம் ரூபா வரை உச்சவரம்பு வைத்தார்கள். டித்வாவுக்குப் பிறகு வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபா அறிவித்தார்கள். ஒவ்வோர் அனர்த்தத்துக்கும் தனிச் சுற்றறிக்கை வருவதால், பழைய தொகையை நம்பி மக்களுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். சுற்றறிக்கையின் பிரதியை வாங்கி அதில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: பணம் வீட்டு உரிமையாளருக்கா, குடியிருப்பவருக்கா, விண்ணப்பிக்கக் கடைசித் திகதி எது. உறுதிப் பத்திரம் இல்லாத காணியில் இருப்பவர்களுக்கு மின்கட்டணப் பற்றுச்சீட்டு, தண்ணீர்ப் பற்றுச்சீட்டு, பிள்ளையின் பாடசாலை அனுமதி ஆவணம் எல்லாம் வசிப்பிடச் சான்றாக உதவும்.

சிங்களத்தில் மட்டும் உள்ள படிவத்தில் விளங்காமல் கையெழுத்து வைக்க விடாதீர்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்பாடுவது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்த உரிமை, கொழும்பிலும்தான். சண்டை பிடிக்கத் தேவையில்லை, தமிழ்ப் படிவத்தை நிதானமாகக் கேட்டால் பல இடங்களில் மேசைக்கு அடியிலிருந்து வரும். கொடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் திகதி முத்திரையிட்ட பிரதி வேண்டும்.

பட்டியலில் பெயர் விட்டுப்போனால் எழுத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். நீங்கள் முதல் வாரத்தில் எழுதிய கொப்பி இப்போது கைகொடுக்கும்.

9. தொழில்

வீடு சுத்தமானாலும் வருமானம் இல்லாவிட்டால் வட்டிக்காரர் வாசலுக்கு வந்துவிடுவார். தையல் மெஷினை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் விட்டால் பெரும்பாலும் பிழைக்கும். மோட்டாரைத் திருத்துபவரிடம் கொடுங்கள். மூழ்கிய முச்சக்கர வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக் கூடாது, எண்ணெயை மாற்றிச் சுத்தம் செய்யும் வரை. மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்புறுதி இருந்தால் ஒப்பந்தத்தில் வெள்ளம் உண்டா என்று பார்த்து உடனே அறிவிக்க வேண்டும். ஒரு மெக்கானிக்கைத் தோட்டத்துக்கே கூட்டிவந்து எல்லா வண்டியையும் ஒரே நாளில் பார்க்க வைப்பது மலிவு. இடியப்பம், வடை விற்பவர்களுக்குத் தட்டும் மாவும் முதல் ஒரு வாரப் பொருளும் போதும்; மறுநாளே தொடங்கிவிடுவார்கள்.

10. கணக்கு

வந்த பணம், போன பணம், பற்றுச்சீட்டு. வாரம் ஒருமுறை மண்டபச் சுவரில் ஒட்டுங்கள். பெறுபவர்களின் முகத்தை முகநூலில் போடாமல் செய்யும் உதவிக்குத்தான் மரியாதை.

11. அடுத்த மழைக்கு முன்

தென்மேல் பருவமழை மே மாதத்தில் வரும். ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. இரண்டுக்கும் நடுவில் ஒழுங்கைக்கு ஓர் எச்சரிக்கை முறை செய்துவிடுங்கள். களனி கங்கையின் நீர்மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதி நீர்மானியில் 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள ஹங்வெல்ல, கிளென்கோர்ஸ் நீர்மானி அளவுகள் ஏறினால் கீழே வர இருக்கிறது என்று அர்த்தம். நீர்ப்பாசனத் திணைக்களம் இவற்றை வெளியிடும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் கேட்கலாம். டித்வா நாட்களில் தமிழில் எச்சரிக்கை பிந்தி வந்ததாகப் பரவலாகக் குறை சொன்னார்கள். அதனால் ஒழுங்கைக்கு ஒருவர் சிங்கள அறிவிப்பைப் பார்த்ததும் தமிழில் குரல் பதிவாக அனுப்பும் பொறுப்பை எடுக்கட்டும். போன் இல்லாத வீடுகளுக்குக் கதவைத் தட்டப் போவது யார் என்பதும் பெயரோடு எழுதியிருக்கட்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் இந்த முறை தண்ணீர் நின்ற கோட்டைப் பெயின்டால் குறித்து வையுங்கள். நாகலகத்தில் எத்தனை அடி இருந்தபோது அந்தக் கோடு வந்தது என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த முறை வானொலியில் அடிக்கணக்கு சொல்லும்போது, பத்திரக் கோவையையும் கிளினிக் கொப்பியையும் எந்தத் தட்டில் தூக்கி வைப்பது என்று வீட்டுக்காரரே பார்த்துக்கொள்வார்.